கிணற்றுக்குள் ஒரு கடற்பசு

ஜெயபுரம், பூநகரி
2023 மே 14

ஸுல்பா,

தொலைபேசியில் பேசினால் நான் கத்துவேன், நீயும் கத்துவாய். அதனால் எழுதுகிறேன்.

வியாழக்கிழமை கொழும்பில் இருந்து இரண்டு உத்தியோகத்தர்கள் வந்தார்கள். பரமேஸ்வரனின் கிணற்று வேலையை மறு அறிவித்தல் வரை நிறுத்தச் சொல்லிக் கடிதம் கொடுத்துவிட்டுப் போனார்கள். யாரோ ஒருவர் வெளிநாட்டில் இருந்து முறைப்பாடு அனுப்பியிருக்கிறார். "மயோசீன் கால முள்ளந்தண்டு விலங்கின் ஈடு செய்ய முடியாத எச்சம்" என்று அதில் ஒரு வரி. இந்தச் சொற்களை இப்படி அடுக்கி எழுதக்கூடியவர்கள் என் அறிவில் இரண்டே பேர். ஒருத்தி நான். நான் எழுதவில்லை.

அன்று போனில் நான் பாதி சொன்னதும் நீ குதிக்கத் தொடங்கிவிட்டாய். மீதியைக் கேட்கவில்லை. இப்போது கேள்.

பரமேஸ்வரன் வீட்டார் எழுபத்தேழுக் கலவரத்துக்குப் பிறகு மலையகத்தில் இருந்து வந்து குடியேறியவர்கள். கச்சான் கடலையும் மிளகாயும் செய்கிறார்கள். அவர்களுடைய பழைய கிணறு உவர்த்துப் போய்விட்டது. எங்கே வெட்டினால் நல்ல தண்ணீர் வரும் என்று என்னிடம்தான் கேட்டார்கள். நாற்பது கிணறுகளின் மண்ணை அரித்து, சிப்பிகளைப் பிரித்து, பழைய கடலின் கரை எங்கே இருந்தது என்று நான் போட்ட வரைபடம் உனக்குத் தெரியும். அதை வைத்துக் காணியின் வடக்கு மூலையைக் காட்டினவள் நான்.

பதினைந்து அடியில் சுண்ணாம்புக்கல் வந்தது. வெடி வைக்க முன்னர் ஒருக்கால் பார்க்கச் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஏணியில் இறங்கினேன். சுவரில் ஒரு மேல்தாடை, பல்லோடு. மூக்கு கீழ்நோக்கி வளைந்திருந்தது. கடற்பசு. இத்தனை வருடமாக விலா எலும்புகளை மட்டும் பொறுக்கிக்கொண்டிருந்த எனக்கு, முகமே வந்து நின்றது. கீழே நின்று தனியாகச் சிரித்திருக்கிறேன் போல. மேலே இருந்து பரமேஸ்வரனின் தாய் வடிவம்மா, "என்னாச்சும்மா, பாம்பா?" என்று கேட்டார்.

இரண்டு கிழமை, பதினான்கு நாள் தாருங்கள், எலும்பை எடுத்துவிட்டுப் போய்விடுகிறேன் என்றேன். சரி என்றார்கள். அவ்வளவுதான் விஷயம். உன் கடிதம் அந்த இரண்டு கிழமையை முடிவில்லாததாக ஆக்கிவிட்டது. இப்போது தண்ணீர் பவுசர் வரும் நாளில் அவர்கள் வாளிகளோடு ரோட்டில் நிற்கிறார்கள். கோப்பை கழுவின தண்ணீர் மிளகாய்க்குப் போகிறது. வடிவம்மா என்னோடு இன்னும் கோபிக்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருக்கிறது.

நீயா? ஓம் அல்லது இல்லை என்று மட்டும் எழுது.

அனோஜா

*

உட்ரெக்ட்
2023 மே 17

அனோ,

ஓம்.

பிழை என்று சொல்ல மாட்டேன். வெடி வைக்கப்போகிறார்கள் என்று நீ சொன்னாய். அதற்குப் பிறகு நீ சொன்ன எதுவும் என் காதில் ஏறவில்லை, அது உண்மை. ஆனால் ஏறியிருந்தாலும் எழுதியிருப்பேன்.

நீ அந்த விலா எலும்புகளை வைத்து 2012இல் எழுதிய கட்டுரைக்கு என்ன மரியாதை கிடைத்தது என்று உனக்கு நினைவில்லையா? வன்னியில் மேய்ந்தது தனி இனம் என்று நீ சொன்னாய். விலாவை வைத்து இனம் சொல்வது செருப்பை வைத்து ஆளைச் சொல்வது போல என்று, கடற்பசு ஆய்வில் பெரிய ஆளான அந்த மனிதர் மறுப்பு எழுதினார். சிரிப்புக்காக எழுதினார். எல்லோரும் சிரித்தார்கள். நீ அதற்குப் பதிலே எழுதவில்லை. விடைத்தாள் திருத்தப் போய்விட்டாய். உன்னை இங்கே எடுக்க நான் இரண்டு முறை இடம் பிடித்து வைத்தேன். இரண்டு முறையும் "அடுத்த வருசம் பாப்பம்" என்றாய்.

சென்ற வருடம் லிஸ்பன் மாநாட்டில் நடந்ததை நான் உனக்குச் சொல்லவில்லை. கோபத்தில் சொல்லவில்லை. கட்ச் பகுதிப் பாறைகளைப் பற்றிப் பேசிய பெண், ஓமானைப் பற்றிப் பேசியவர், கென்யக் கரையைப் பற்றிப் பேசியவர், மூன்று பேரும் பாறையின் வயதைச் சொல்ல உன் சிப்பி அட்டவணையைத்தான் திரையில் போட்டார்கள். தேநீர் நேரத்தில் கென்யாக்காரர் என்னிடம் வந்து, டொக்டர் அனோஜா உயிரோடு இருக்கிறாரா என்று கேட்டார். அனோ, அவர் நீ போன நூற்றாண்டு ஆள் என்று நினைத்துவிட்டார். நான் வெளியே போய் அழுதேன்.

இப்போது ஒரு முகம் கிடைத்திருக்கிறது. அதை இரண்டு கிழமையில், ஒரு ஏணியையும் ஒரு உளியையும் வைத்துக்கொண்டு எடுப்பேன் என்கிறாய்.

இன்னொன்றும் இருக்கிறது. அதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். தொண்ணூறில், முஸ்லிம்கள் எல்லோரும் வடக்கை விட்டுப் போகவேண்டும் என்று கட்டளை வந்து நாங்கள் முல்லைத்தீவை விட்டு வெளிக்கிட்ட காலையில், அந்த ஊரில் ஒருவராவது குறுக்கே வந்து, நிறுத்துங்கள் என்று சொல்லியிருக்கலாம். ஒருவரும் சொல்லவில்லை. எனக்குப் பதினேழு வயது. சொல்ல வாய் இல்லை. இப்போது இருக்கிறது. ஒரு நல்ல பொருள் அழியப்போகிறது என்று கேட்டதும் அது தானாகச் சொல்லிவிட்டது.

அந்த அம்மாவுக்குத் தண்ணீர் இருக்காது என்று நான் நினைத்துப் பார்க்கவில்லைதான்.

ஸுல்பா

*

வவுனியா
2023 ஜூன் 4

ஸுல்பா,

உன் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். தொண்ணூறைப் பற்றி நீ என்னோடு கதைத்தது இதுதான் முதல் தடவை. பேராதனையில் ஒரே அறையில் நான்கு வருடம் படுத்திருந்தோம், அப்போதுகூட ஒரு வார்த்தை இல்லை. நானும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு உன்னோடு முழுதாகக் கோபிக்க முடியவில்லை. பாதி மிச்சம் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

கொழும்புக்கு நானே போனேன். கண்டெடுத்தவள் நான், பொறுப்பும் எனக்கு என்று எழுதிக் கொடுத்தேன். வெடி வைக்கக் கூடாது, நான் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று சொல்லி வேலையைத் தொடர விட்டார்கள்.

முகத்தை எடுத்துவிட்டோம். பல், தாடை, மூக்கு எல்லாம் ஒரே கட்டியாக வந்தன. பிளாஸ்டரும் சாக்கும் சுற்றி, முக்காலியில் சங்கிலி போட்டு இழுத்தோம். அது மேலே வந்து வெயிலில் இருந்தபோது வடிவம்மா தொட்டுப் பார்த்துவிட்டு, "இது கடல்லதான மேயும்? இங்க எப்படி வந்துச்சு?" என்றார். அது வரவில்லை, கடல்தான் போய்விட்டது என்றேன். "எங்களுக்கு முந்தியே இங்க குடி வந்துருக்கு" என்றார்.

அடுத்த நாள் பின்பக்கத்தை எடுக்கத் தொடங்கினோம். மண்டையோட்டின் பின்பாதி கல்லுக்குள் ஒரு முழம் உள்ளே இருக்கிறது. பரமேஸ்வரன் அதற்கு நேர் கீழே நின்றான். திடீரென்று கையை நிறுத்தி, "மிஸ், கல்லுக் கதைக்குது" என்றான். எனக்கும் கேட்டது. உள்ளே எங்கேயோ வெடிப்பு ஓடும் சத்தம். எல்லோரையும் மேலே ஏறச் சொன்னேன். கடைசியாக நான் ஏறினேன். ஏணியில் ஏறும்போதே முடிவு செய்துவிட்டேன்.

பின்பாதியை விட்டுவிட்டேன், ஸுல்பா. சுவரைக் கட்டச் சொல்லிவிட்டு வவுனியாவுக்கு வந்துவிட்டேன். இரண்டு நாளில் பரமேஸ்வரன் போனில் சொன்னான், தண்ணீர் வந்துவிட்டதாம். ஒரு போத்தல் பஸ்ஸில் கொடுத்தனுப்பினான். குடித்தேன். நல்ல தண்ணீர். என் வரைபடம் பிழையாகவில்லை.

லிஸ்பனைப் பற்றிக் கேட்டு எனக்குச் சந்தோஷம்தான். இல்லை என்று சொன்னால் பொய். கென்யாக்காரரின் முகவரியை அனுப்பு, உயிரோடு இருக்கிறேன் என்று எழுதிவிடுகிறேன். ஆனால் நான் இங்கே சும்மா இருந்துவிட்டேன் என்று நினைக்காதே. மாங்குளத்தில் இருந்து ஆனையிறவுவரை குழாய்க்கிணறு அடிக்கிற லொறிக்காரர்களின் போனில் எல்லாம் என் வரைபடம் இருக்கிறது. என் பெயரை வெட்டிவிட்டு வாட்ஸ்அப்பில் ஆளுக்காள் அனுப்புகிறார்கள். அது போதும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அது சின்ன விஷயமும் இல்லை.

அனோ

*

உட்ரெக்ட்
2023 ஜூன் 7

அனோஜா,

காதெலும்பு பின்பாதியில் இருக்கிறது. உனக்கு அது தெரியும். பல்லும் மூக்கும் பத்து இனங்களில் ஒன்றுபோல் இருக்கும். காதெலும்பு ஒன்றுதான் ஆளைக் காட்டும். அது இல்லாமல் அந்தச் செருப்புக்கார மனிதரின் முன்னால் நீ மறுபடியும் வெறுங்கையோடு நிற்கப்போகிறாய்.

அந்தப் பிள்ளையின் தலையில் கல் விழாதது நல்லது. அதை மனதாரச் சொல்கிறேன். மற்றதை எழுத இப்போது என்னால் முடியாது.

ஸுல்பா

*

வவுனியா
2023 செப்டெம்பர் 10

ஸுல்பா,

மூன்று மாதமாக நீ எழுதவில்லை. நானும் எழுதவில்லை. நீ கோபத்தில் விட்டாய். எனக்கு எழுதப் புதிதாக ஒன்றும் இருக்கவில்லை. முகத்தைத் துப்புரவாக்கினேன். பல்லை அளந்தேன். நீ சொன்னது போலத்தான், பத்து இனங்களுக்கு நடுவில் நிற்கிறது.

நேற்றுக் காலை பரமேஸ்வரன் எடுத்தான். "மிஸ், தண்ணி நல்லா இறங்கிட்டுது. உங்கட இடம் வெளியில தெரியுது. மழைக்கு முன்னம் வாறீங்களோ?"

எந்த இடம் என்று கேட்டேன். சுவர் கட்டிப் பூசிவிட்டீர்களே என்றேன். அவன் போனைத் தாயிடம் கொடுத்தான்.

வடிவம்மா சொன்னார்: "அந்த எடத்துல மட்டும் சீமெந்து போடாதீங்கன்னு மேசன்கிட்ட சொல்லிட்டேம்மா. சும்மா கல்லத்தான் அடுக்கியிருக்கு. அன்னிக்கி நீங்க ஏணில ஏறி வந்தப்ப மூஞ்சி ஒரு மாதிரி இருந்துச்சு. எனக்கு மனசு கேக்கல. கோடையில தண்ணி இறங்கும், அப்ப வந்து எடுத்துக்கட்டும்னு நெனச்சேன். சொன்னா நீங்க வேணாம்பீங்க, அதான் சொல்லல."

இன்று போய்ப் பார்த்தேன். வெடித்த பாறை, தண்ணீர் ஏறி இறங்கியதில் தானாக விழுந்து அடங்கிவிட்டது. கிளிநொச்சியில் கட்டட வேலை செய்யும் ஒரு பொறியியலாளரைக் கூட்டிக்கொண்டு போனேன். இரும்புச் சட்டம் போட்டுத் தாங்கு கொடுத்தால் பயமில்லை என்றார். சட்டம் போட ஆள் ஒழுங்கு செய்துவிட்டேன்.

இனி உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். நான் சிப்பிக்காரி. வாழ்நாளில் ஒரு காதெலும்பைக்கூடக் கல்லில் இருந்து எடுத்ததில்லை. நீ எத்தனை எடுத்திருப்பாய்? என் கையால் தொட்டு உடைந்தால், நீ மன்னித்தாலும் நான் மன்னிக்க மாட்டேன். ஐப்பசி மழைக்கு முன்னர் வர முடியுமா?

தொண்ணூறுக்குப் பிறகு வடக்குப் பக்கம் நீ வந்ததே இல்லை என்பது தெரியும். தெரிந்துகொண்டுதான் கேட்கிறேன்.

அனோ

*

உட்ரெக்ட்
2023 செப்டெம்பர் 13

அனோ,

முப்பத்துமூன்று வருடமாக ஒவ்வொரு விடுமுறைக்கும் புத்தளத்துக்குப் போய், உம்மாவோடு இருந்துவிட்டுத் திரும்பி வருகிறேன். உம்மாவின் மூத்த மகன், என் காக்கா நிஸார் முல்லைத்தீவுக்குத் திரும்பிப் போய்க் கடை போட்டுப் பத்து வருடம் ஆகிறது. வா, வா என்று கூப்பிடுவார். ஒவ்வொரு முறையும் எனக்கு ஒரு மாநாடு இருக்கும்.

இந்த முறையும் ஒன்று இருக்கிறது. வரவில்லை என்று அவர்களுக்கு எழுதிவிட்டேன்.

இருபத்திரண்டாம் தேதி கட்டுநாயக்காவில் இறங்குகிறேன். வவுனியாவுக்கு ரயிலில் வருவேன், ஸ்டேஷனுக்கு வா. மெல்லிய ஊசிகளும் பசையும் நான் கொண்டுவருவேன். தலைக்குத் தொப்பி இரண்டு வாங்கி வை, கட்டடக்காரர்கள் போடுகிறது. எனக்குப் பெரிய சைஸ்.

முறைப்பாடு எழுதியது பிழை என்று இன்னும் நான் சொல்லவில்லை. அந்த அம்மாவிடம் என்ன சொல்வது என்று மட்டும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஸுல்பா

*

உட்ரெக்ட்
2023 நவம்பர் 5

அனோ,

வீட்டுக்கு வந்து சேர்ந்த நாளில் இருந்து இங்கே மழையும் இருட்டும். என் முழங்கையில் இன்னும் உங்கள் சுண்ணாம்புக்கல் கீறிய தழும்பு இருக்கிறது. பக்கத்து அறைக்காரர்கள் கேட்டால் கிணற்றுக்குள் வயிற்றில் படுத்திருந்தேன் என்கிறேன். நம்புகிறார்கள் இல்லை.

முதலில் வேலை. எலும்பு வவுனியாவிலேயே இருக்கட்டும் என்று நீ பிடிவாதமாக நின்றது சரி. நாம் அங்கே எடுத்த ஸ்கேன் படங்களே போதும். அதை இங்கே முப்பரிமாணத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். காதெலும்பின் உட்குழாய் ஒரு சுற்று அதிகம். கட்சில் இல்லை, கிழக்காபிரிக்காவில் இல்லை, மடகஸ்காரில் இல்லை. செருப்புக்கார மனிதருக்குப் படத்தை அனுப்பினேன். ஒரு நாள் முழுக்கப் பதில் இல்லை. பிறகு ஒரே வரி: "அவர் 2012இலேயே சரியாகச் சொல்லியிருக்கிறார்." கட்டுரையைத் தானே பரிசீலிக்க விரும்புவதாகவும் எழுதியிருக்கிறார். இந்த வரியை நான் அச்சடித்து மேசைக்கு மேல் ஒட்டியிருக்கிறேன். உனக்கும் ஒன்று அனுப்புகிறேன், ஒட்டு.

அனோ, இது புது இனம். நீ பதினோரு வருடத்துக்கு முன்னர் வெறும் விலாக்களையும் சிப்பிகளையும் வைத்துச் சொன்ன அதே இனம்.

மற்றது. முதல் நாள் நான் வடிவம்மாவிடம் போய், உங்கள் கிணற்றை நிறுத்தச் சொல்லி எழுதினது நான்தான் என்று சொன்னபோது நீ கொஞ்சம் தள்ளி நின்றாய். அவர் என்ன சொன்னார் என்று பிறகு கேட்டாய், நான் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். "தெரியும்மா. உங்க கூட்டாளி அப்பவே உங்க பேர எங்களுக்குச் சொன்னாங்க" என்றார். பிறகு, "அங்க குளிருமா?" என்று கேட்டார். குளிரும் என்றேன். "அப்ப இங்க வெயில்ல கொஞ்சம் இருந்துட்டுப் போங்க" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்த நாலு நாளும் பன்னிரண்டு மணிக்கு வாளியில் தேநீர் இறக்கினார். இஞ்சி போட்ட பிளேன்டீ. எனக்கு இஞ்சி பிடிக்காது. ஒவ்வொரு நாளும் குடித்தேன்.

கடைசி இரண்டு நாள் காக்கா வீட்டில் நின்றதைப் பற்றி நீ கேட்கவில்லை. கேட்காதது நல்லது. கடற்கரைக்குப் போனேன். எங்கள் வீடு நின்ற இடத்தில் யாரோ பயறு போட்டிருந்தார்கள். பார்த்துக்கொண்டு நின்றேன். காணிக்காரப் பெண் வெளியே வந்து, "ஆரைத் தேடுறியள்?" என்றாள். ஒருவரையும் இல்லை, சும்மா பார்க்கிறேன் என்றேன். உள்ளே வந்து இருங்கோ என்றாள். இருந்தேன். நினைத்திருந்த அளவுக்கு வலிக்கவில்லை. ஏன் என்று தெரியவில்லை.

இனிப் பெயர். நம் வழக்கம் உனக்குத் தெரியும், தன் பெயரைத் தானே வைக்கக்கூடாது. பெயர் சூட்டும் பகுதியை நான் மட்டும் எழுதுகிறேன், உன் பெயரை வைக்கிறேன். மறுக்காதே.

ஸுல்பா

*

வவுனியா
2024 பெப்ரவரி 18

ஸுல்பா,

கட்டுரை முடிந்தது. உன் திருத்தங்கள் எல்லாவற்றையும் சேர்த்துவிட்டேன், மூன்றைத் தவிர. அந்த மூன்றிலும் நீ பிழை.

பெயரைப் பற்றி நீ மூன்று மாதமாக எழுதியதற்கெல்லாம் நான் பதில் சொல்லவில்லை. எனக்கு என் பெயர் வேண்டாம். கூச்சத்தால் சொல்லவில்லை. என் அட்டவணை மூன்று நாடுகளில் நடமாடுகிறது, என் வரைபடம் லொறிகளில் ஓடுகிறது. போகவேண்டிய இடத்துக்கெல்லாம் நான் போய்விட்டேன் என்று இப்போது தோன்றுகிறது. கென்யாக்காரர் இந்த மாதத் தொடக்கத்தில் தன் மாணவர்களோடு வந்து ஒரு கிழமை என்னோடு வெளிக்கள வேலை செய்துவிட்டு இப்போதுதான் போனார். நான் உயிரோடு இருப்பதை அடிக்கடி தொட்டுப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல மனிதர். இடியப்பமும் சொதியும் அவருக்குப் பிடித்துவிட்டது.

வடிவம்மாவின் பெயரை வைக்கலாம் என்று நினைத்தேன். அவரிடம் கேட்கவேண்டும் அல்லவா? போன ஞாயிறு போனேன். கச்சான் பிடுங்கிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். கையில் இருந்த கொத்தைக் கீழே வைத்துவிட்டு, "மாட்டுக்கு எம் பேரா?" என்று சிரித்தார். சிரிப்பை நிறுத்த முடியவில்லை. பரமேஸ்வரன் ஓடிவந்து, "என்ன மிஸ் செய்தனீங்கள்?" என்று கேட்டான்.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "வேணாம்மா. எனக்கு எதுக்கு? நான் இங்கதான இருக்கேன். நாலு ஊருக்கு என்னைத் தெரியும். உங்க கூட்டாளி பேர வைங்க. அவங்கதான் இங்க இல்லாம இருக்காங்க."

கச்சான் பிடுங்க உதவி செய்துவிட்டு வந்தேன்.

நீ சொன்ன அதே வழிதான். பெயர் சூட்டும் பகுதியை நான் தனியாக எழுதியிருக்கிறேன், அங்கே உன் கையொப்பம் இல்லை. ஆகவே வழக்கம் மீறப்படவில்லை. இந்த மண்ணில் இரண்டு கோடி வருடமாகக் கிடந்த விலங்குக்கு உன் பெயர். "வன்னியைச் சேர்ந்த ஸுல்பாவின் நினைவாக" என்று எழுதிப் பார்த்தேன், நினைவாக என்றால் நீயும் போன நூற்றாண்டு ஆளாகிவிடுவாய் என்று வெட்டிவிட்டேன். "முல்லைத்தீவைச் சேர்ந்த ஸுல்பாவுக்கு" என்று மட்டும் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை சஞ்சிகைக்கு அனுப்புகிறேன். விருப்பமில்லை என்றால் அதற்கு முன்னர் எழுது.

அனோ

*

உட்ரெக்ட்
2024 பெப்ரவரி 24

அனோ,

நேற்று வெள்ளிக்கிழமை. நான் எழுதவில்லை.

ஒவ்வொரு நாளும் எழுதத் தொடங்கினேன். முறையில்லை, ஆட்கள் சிரிப்பார்கள், உன் வேலைக்கு என் பெயரா என்றெல்லாம். "முல்லைத்தீவைச் சேர்ந்த" என்ற இடத்துக்கு வந்ததும் கை நின்றுவிடும். என் கடவுச்சீட்டிலும் அப்படி இல்லை. என் சான்றிதழ்களில் எல்லாம் புத்தளம் என்றுதான் இருக்கிறது.

இன்று காலை உம்மாவுக்கு எடுத்தேன். உம்மாவுக்குக் காது மந்தம், கத்தித்தான் சொல்லவேண்டும். கீழ்வீட்டு டச்சுக்காரர் கதவைத் திறந்து பார்த்தார்.

"உம்மா, கல்லுக்குள்ள கிடந்த ஒரு கடல் மாட்டுக்கு என்ட பேர் வச்சிருக்கு."

"ஆர் வச்ச?"

"அனோஜா."

"அந்தப் பிள்ளை நல்ல பிள்ளை. எந்த ஊர் மாடு?"

"பூநகரி, உம்மா."

உம்மா சாதாரணமாக, கடைக்குப் போய்விட்டு வந்தது போலச் சொன்னா:

"அப்ப நம்மட பக்கம்தானே."

ஸுல்பா